அரசனுக்குக் காவல்: காவிரி நாட்டுப் பலகைகளும் சீனச் சதுரங்கமும்

சதுரங்கக் குடும்பத்து ஆட்டங்களில் எத்தனை காய் வெட்டுப்பட்டாலும் ஆட்டம் முடிவதில்லை. அரசன் அகப்பட்டால்தான் முடியும். அரசனுக்கு யார் காவல், அந்தக் காவலை விதியே தருகிறதா, ஆடுபவர் தாமே கட்டிக்கொள்ள வேண்டுமா என்ற இடத்தில்தான் நாட்டுக்கு நாடு ஆட்டம் பிரிந்தது. இந்தியாவில் அரசனுக்கு ஒரு தாவல் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் கோட்டை கட்டிக்கொள்ள இடம் தந்தார்கள். சீனத்தில் அரசனை ஓர் அரண்மனைக்குள் அடைத்து, நான்கு காய்களை அவனுக்கென்றே காவலுக்கு நிறுத்தினார்கள். காவிரிப் படுகையின் கல்தரைகளில் ஆடப்பட்ட ஆடு புலி ஆட்டத்திலோ அரசனே இல்லை. காவல் மட்டும் இருக்கிறது.

தஞ்சை வட்டாரத்தில் சதுரங்கத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் இடம் திருப்பூவனூர். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில், பாமணி ஆற்றங்கரையில் இருக்கிறது. அப்பர் பதிகம் பெற்ற தலம். இங்கே இறைவனுக்குப் புஷ்பவனநாதர் என்ற பெயரோடு சதுரங்க வல்லபநாதர் என்ற பெயரும் உண்டு. தலபுராணப்படி, நெல்லையை ஆண்ட வசுசேனன் என்னும் அரசனுக்குத் தாமிரபரணித் தாமரையில் கிடைத்த சங்கு பெண் குழந்தையானது, அவளே ராஜராஜேஸ்வரி. அவளை வளர்க்கும் தாயாகச் சாமுண்டி வந்தாள். சதுரங்கத்தில் அவளை வெல்ல ஆளில்லை. வெல்பவருக்கே அவளை மணமுடித்துத் தருவதாக அரசன் அறிவித்தான். அரசன் மகளோடு தீர்த்த யாத்திரையில் பூவனூர் வந்தபோது முதிய சித்தர் ஒருவர் ஆட்டத்துக்கு உட்கார்ந்து அவளை வென்றார். வென்றவர் சிவன் என்று பிறகு தெரிந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியபோது பிரதமர் இந்தக் கோயிலைக் குறிப்பிட்டுப் பேச, அதுவரை விஷக்கடிக்கு வேண்டிக்கொள்பவர்கள் தேடிவந்த ஊருக்குச் செஸ் ஆடும் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள்.

புராணம் ஆட்டத்தின் முடிவைச் சொல்கிறது, நகர்வுகளைச் சொல்வதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். ராஜராஜேஸ்வரியின் புகழ் அவள் யாரையெல்லாம் வென்றாள் என்பதைவிட, அவளை யாராலும் வெல்ல முடியவில்லை என்பதில்தான் நிற்கிறது. மணம் பேச வந்தவர்கள் தாக்க வேண்டும். அவள் விழாமல் இருந்தால் போதும். கதையை நடத்துவது காப்பவளின் ஆட்டம்.

காவிரிக்கரையில் சதுரங்கப் பலகை புலவர்களுக்கும் தெரிந்ததே. திருவரங்கத்தில் வாழ்ந்த வேதாந்த தேசிகர் (1268–1369) இயற்றிய பாதுகா சகஸ்ரத்தில் 929, 930 ஆகிய இரண்டு சுலோகங்களும் சேர்ந்து ஒரு குதிரைப் பின்னல். முதல் சுலோகத்தின் 32 எழுத்துகளையும் வரிசைக்கு 8 கட்டமாக 4 வரிசையில் எழுதி, சதுரங்கக் குதிரையின் நடையில் கட்டம் கட்டமாகத் தாவி வாசித்தால் இரண்டாம் சுலோகம் கிடைக்கும். எந்தக் கட்டத்தையும் குதிரை இரண்டாம் முறை மிதிப்பதில்லை. அரைப் பலகையை இப்படி மனத்தில் ஏந்தி எழுத, குதிரையின் நடை எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் பழகியதாக இருக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பலகையில் காவல் எப்படி இருந்தது என்று அறிய, காய்களின் பழைய நடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசனுக்குப் பக்கத்தில் நின்ற மந்திரி இன்றைய ராணியைப்போல் பலகை முழுதும் பாய்வதில்லை. மூலைவாட்டாக ஒரே ஒரு கட்டம் நகரும். யானைக்கு ஊருக்கு ஒரு நடை இருந்தது. பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி கண்ட யானை முன்னால் ஒரு கட்டமும், நான்கு மூலைகளில் ஒவ்வொரு கட்டமும் நகர்ந்தது. ஒரு துதிக்கை, நான்கு கால். பாரசீகத்துக்குப் போன யானை மூலைவாட்டாக ஒரு கட்டத்தைத் தாண்டி இரண்டாம் கட்டத்தில் குதித்தது. இந்த இரண்டாம் வகை யானை 64 கட்டங்களில் 8 கட்டங்களைத்தான் எந்நாளும் தொட முடியும். ஒரே பக்கத்து யானைகள் இரண்டும் வேறு வேறு எட்டுக் கட்டங்களில் உலவுவதால், ஒன்றுக்கொன்று துணை நிற்பது அவற்றால் ஆகாத காரியம். தேரும் குதிரையும்தான் உண்மையில் போர் செய்தன. மந்திரியும் யானைகளும் அரசனைச் சுற்றி நின்று வழியை அடைக்கும் வேலைக்குத்தான் ஏற்றவை; ஆனால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆடுபவர் விரும்பினால் மந்திரியை எதிரியின் எல்லைவரை மெல்ல நடத்திக்கொண்டு போகலாம்.

மேற்கே போன ஆட்டம் இந்த மெலிந்த காய்களுக்குப் பலம் ஏற்றியது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் மந்திரி பலகையிலேயே வலிய காயான ராணியாயிற்று; பழைய யானை, மூலைவாட்டில் தடையில்லாமல் ஓடும் காயாயிற்று. கிழக்கே நடந்தது நேர் எதிர். சீனத்தில் மந்திரியையும் யானையையும் அதே மெலிவோடு விட்டுவைத்து, எல்லைக் கோடு போட்டு, காவலையே அவற்றின் தொழிலாக்கினார்கள். இந்தியப் பழங்காய்களின் நடை சீனப் பலகையில் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

சீன ஆட்டமான சியாங்சி இந்தியாவிலிருந்து போனதா, அங்கேயே பிறந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு யானைகள், ஒரு கட்டம் நகரும் அமைச்சர், குதிரை, தேர், காலாள் என்று ஒற்றுமை இத்தனை இருக்கும்போது தொடர்பே இல்லை என்று வாதிடுவது கடினம். ஒன்பதாம் நூற்றாண்டுச் சீன எழுத்தாளர் நியூ செங்ரூவின் கதை ஒன்றில், 762-ஐ ஒட்டிய காலத்தில் நடந்ததாக, தலைவன், குதிரை, தேர், காலாள் கொண்ட ஒரு பலகைப் போர் வருகிறது. ஆட்டம் இன்றைய வடிவத்துக்கு வந்தது சோங் அரசர் காலத்தில். பீரங்கி என்ற புதுக் காயும் அப்போதுதான் நிலைபெற்றது.

அதே சோங் அவைக்குத்தான் சோழர் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் போய்ச் சேர்ந்தார்கள். சோழநாட்டின் கடல்வாசல் நாகப்பட்டினம். அங்கே இருந்த செங்கற்கோபுரம் ஒன்றில் 1267-க்கு இணையான சீன ஆண்டு பொறித்திருந்ததாகப் பதினான்காம் நூற்றாண்டுப் பயணி வாங் தாயுவான் குறித்திருக்கிறார். சீனக் கோபுரம் என்று ஐரோப்பியர் அழைத்த நாகைக் கட்டடம் 1867-ல் இடிக்கப்பட்டது. மறுமுனையில், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவன் கோயில் கட்டி, 1281-ல் தமிழில் கல்வெட்டும் வைத்தார்கள். அந்தச் சுவான்சௌ விரிகுடாவின் சேற்றிலிருந்து 1974-ல் தோண்டி எடுத்த சோங் காலக் கப்பலில் மிளகும் வாசனைக் கட்டைகளும் இருந்தன. கூடவே மரத்தாலான சீனச் சதுரங்கக் காய்களும். தென்கடல் சரக்கோடு வந்த மாலுமிகள் பொழுதுபோக்குக்கு வைத்திருந்தவை. தமிழர் கல்வெட்டு வைத்த காலமும் இந்தக் கப்பல் மூழ்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. நாகையிலிருந்து போன வணிகர் இந்த ஆட்டத்தைத் துறைமுகத்தில் பார்க்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

சீனப் பலகையில் காய்கள் கட்டத்துக்குள் நிற்பதில்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் நிற்கின்றன. குறுக்கே 9 புள்ளி, நெடுக்கே 10 புள்ளி. நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. இரு கரையிலும் பின்வரிசையை ஒட்டி மூன்றுக்கு மூன்று புள்ளிகளாக ஓர் அரண்மனை. தலைவன் அந்த ஒன்பது புள்ளிகளை விட்டு வெளியே வர முடியாது. நேராக ஒரு புள்ளிதான் நகரலாம். அவனோடு இரண்டு காவலர். அவர்கள் மூலைவாட்டாக ஒரு புள்ளி நகர்வார்கள், அரண்மனையின் நான்கு மூலையும் நடுவும் ஆக ஐந்து புள்ளிகள்தான் அவர்கள் உலகம். பழைய இந்திய மந்திரியின் நடை இது. அடுத்து இரண்டு யானைகள். மூலைவாட்டாக இரண்டு புள்ளி போகும். இடையில் காய் இருந்தால் போக முடியாது. ஆற்றைக் கடக்கவே கூடாது. அவற்றுக்கு ஏழு புள்ளிகள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எட்டுக் கட்டப் பலகையில் இரண்டு யானைகளும் ஒருநாளும் சந்திக்காதவை. ஒன்பது கோட்டுப் பலகையில் இரண்டும் ஒரே ஏழு புள்ளிகளில் உலவுகின்றன. தலைவனுக்கு நேர்முன்னே நடுப்புள்ளியில் ஒன்று வந்து நின்றால் மற்றது பின்னாலிருந்து அதைத் தாங்குகிறது. காவலர் இருவரும் அப்படியே. ஒருவர் நடுவுக்கு ஏறினால் மூலையில் இருப்பவர் அவருக்குத் துணை. ராணியும் இல்லை, தலைவன் சரியாக நடுக்கோட்டில். ஒரு கோடு கூடியதில் காவல் இரு பக்கமும் ஒத்ததாகி, துண்டு துண்டாக நின்ற காய்கள் சங்கிலியாயின.

இந்தச் சங்கிலியின் வலிமையை இறுதிக்கட்டத்தில் அளந்து பார்க்கலாம். தாக்குபவரிடம் ஒரு தேர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. காப்பவரிடம் போரிடும் காய் ஒன்றுகூட இல்லை, ஆனால் இரண்டு காவலரும் இரண்டு யானைகளும் முழுதாக இருக்கின்றன. பலகையிலேயே வலிய காய் தேர். இருந்தும், காப்பவர் தடுமாறாவிட்டால் ஆட்டம் சமன். நான்கில் ஒன்று குறைந்தாலும் கதை மாறலாம். எந்தக் காவல் குறைந்தால் எதற்கு அஞ்ச வேண்டும் என்று சீன ஆட்டக்காரரிடையே வழக்கில் உள்ள சொல்லும் உண்டு: காவலர் குறைந்தால் தேருக்கு அஞ்ச வேண்டும், யானை குறைந்தால் பீரங்கிக்கு அஞ்ச வேண்டும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குதிரையைக் கொடுத்து எதிரியின் காவலர் இருவரை வெட்டுவதை நட்டமாக நினைப்பதில்லை.

பீரங்கிதான் இந்தக் காவலுக்கு வந்த உண்மையான சோதனை. தேர்போலவே நேராக ஓடும். ஆனால் வெட்டும்போது நடுவில் சரியாக ஒரு காய் இருக்க வேண்டும், அதன்மேல் தாண்டித்தான் வெட்டும். அந்த நடுக்காய் யாருடையதாகவும் இருக்கலாம். எனவே தலைவனை மறைத்து நிற்கும் காவலனே எதிரியின் பீரங்கிக்குப் படிக்கல்லாகிறான். இதில் மிகக் கொடியது நடுக்கோட்டில் நிற்கும் பீரங்கிக்கும் தலைவனுக்கும் இடையில் ஒரு காயும் இல்லாத நிலை. பார்வைக்கு ஆபத்தே இல்லை. தாண்டக் காய் இல்லாததால் பீரங்கி இப்போது சுடாது. ஆனால் காப்பவர் காவலனையோ யானையையோ நடுவில் ஏற்ற முடியாது; ஏற்றிய கணமே தாக்குதல் விழும். காவல் காய்கள் நான்கும் கைகட்டி நிற்க, தலைவன் தன் வீட்டு நடுமுற்றத்தைப் பயன்படுத்த முடியாதவனாகிறான். இப்படியான நேரத்தில் தலைவனை ஒரு புள்ளி பக்கவாட்டில் நகர்த்தி நடுக்கோட்டை விட்டு விலகுவதுதான் பாதுகாப்பு. தொடங்குபவர்கள் கூட்டம் சேர்த்துத் தடுக்கப் பார்த்துத் தோற்பார்கள்.

தொடக்கத்திலேயே இந்த ஆபத்து எழுகிறது. முதல் நகர்விலேயே பீரங்கியை நடுக்கோட்டுக்குக் கொண்டுவருவது சீன ஆட்டத்தின் மிகப் பழைய தாக்குதல். தன் நடுக்காலாளைத் தாண்டி எதிரியின் நடுக்காலாளைக் குறிவைக்கும். இதற்குத் தலைசிறந்த மறுமொழி, இரண்டு குதிரைகளையும் உள்நோக்கிக் கொண்டுவந்து நடுக்காலாளுக்கு இருபுறமும் பின்னால் நிறுத்துவது. தலைவன் முன்னே விரித்து வைத்த மடக்குத்திரையைப்போல் இருப்பதால் திரைக்குதிரை என்று பெயர். இரண்டு குதிரையும் நடுக்காலாளைக் காக்கின்றன. அதே வேளையில் இரண்டும் வெளியே பாயத் தயாராகவும் இருக்கின்றன. ஒரு குறை உண்டு: சீனக் குதிரை இந்தியக் குதிரைபோல் தாண்டிக் குதிப்பதில்லை. நேராக ஓர் அடி, பிறகு மூலைவாட்டாக ஓர் அடி. அந்த முதல் அடியில் ஏதாவது காய் நின்றால் கால் கட்டிய குதிரைதான். திரைக்குதிரைகளின் முன்னால் தங்கள் காலாளே நிற்பதால், அந்தக் காலாளை ஓரடி தள்ளிக் குதிரைக்கு வழி திறப்பது இந்தத் தற்காப்பின் உயிர்நாடி. எதிரியின் குதிரைக்கு எதிராகவும் இதே உத்தி: வெட்ட முடியாவிட்டாலும் அதன் காலடியில் ஒரு காயை நிறுத்திவிட்டால் அதன் பாதி வழி அடைபடும்.

திரைக்குதிரை ஒரே நாளில் மதிப்புப் பெறவில்லை. 1632-ல் ஜூ ஜின்ஜென் தொகுத்த ‘கிச்சிலிப்பழத்துள் மறைபொருள்’ என்ற புகழ்பெற்ற நூலில் நடுப்பீரங்கிக்கே மேல்கை. பழத்தோட்டத்தில் பெரிய கிச்சிலிப் பழங்களை அரிந்தபோது உள்ளே முதியவர்கள் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள் என்ற பழங்கதையிலிருந்து வந்த தலைப்பு அது. பூவனூரில் பலகைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவரும் முதியவர்தான். இந்த ஆட்டத்துக்கு வயதானவர்களைத் தேடிப்பிடிப்பது இரு நாட்டுக் கதைக்காரர்களுக்கும் பிடித்திருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து வாங் ஸாய்யுவே எழுதிய ‘பிளம் மலர்ச் சுவடி’ அந்தத் தீர்ப்பைத் திருப்பிப்போட்டது. திரைக்குதிரை நடுப்பீரங்கியைத் தாங்கி நிற்பது மட்டுமல்ல, திருப்பித் தாக்கி வெல்லவும் செய்யும் என்று வரிசை வரிசையாகக் காட்டியது அந்தச் சுவடி. இன்றும் போட்டிகளில் நடுப்பீரங்கிக்கு முதன்மையான மறுமொழி அதுவே.

இன்னும் இரண்டு விதிகள் காப்பவரின் கணக்கில் சேர வேண்டும். இரு தலைவர்களும் ஒரே நெடுங்கோட்டில் இடையில் காய் இல்லாமல் எதிரெதிரே நிற்கக் கூடாது. இதனால் அரண்மனைக்குள் இருக்கும் தலைவன் ஆற்றைத் தாண்டாமலே ஒரு கோடு முழுவதையும் எதிரித் தலைவனுக்குத் தடுத்துவிடுகிறான். இறுதிக்கட்டத்தில் இது ஒரு முழுக் காய்க்குச் சமம். மற்றொன்று, நகர வழியில்லாமல் போனால் ஐரோப்பிய ஆட்டத்தில் சமன், சீனத்தில் தோல்வி. மூலையில் முடங்கிச் சமன் தேடும் தந்திரம் அங்கே செல்லாது. விடாமல் தாக்குதல் கொடுத்துக்கொண்டே இருந்து சமன் வாங்குவதும் தடை.

சீனப் பலகையில் ஆற்றைத் தாண்டாத யானையைப் பார்க்கும் தஞ்சைக்காரருக்குச் சிரிப்பு வரலாம். 1225-ல் ஜாவ் ருகுவா என்ற சுங்க அதிகாரி சோழநாட்டைப்பற்றி எழுதும்போது, போர்யானை 60,000 என்றும், அவற்றின் முதுகில் வீடுபோல் அமைத்து வீரர்கள் அம்பெய்தும் ஈட்டி கொண்டும் போரிடுவார்கள் என்றும் சொல்கிறார். எண்ணிக்கை மிகைதான், ஆனால் சோழர் யானை ஆற்றுக்கு இக்கரையில் நின்று காவல் காக்கும் விலங்கு அல்ல என்பது சீனருக்கும் தெரிந்திருந்தது. அரசனின் உடலுக்குக் காவல் வேறு ஆட்களிடம் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் வேளைக்காரப் படைகள் பல பெயர் சொல்லி வருகின்றன. அரசனுக்காக உயிர் கொடுக்கச் சூளுரைத்த படைகள் என்று வரலாற்றாசிரியர்கள் அவற்றை விளக்குகிறார்கள். அரண்மனையை விட்டு வெளியேறாத சீனக் காவலருக்கு நெருக்கமானவர்கள் அவர்கள்.

இந்தியாவில் தங்கிய சதுரங்கமோ காவலை ஒரே ஒரு தாவலில் வைத்தது. நாட்டு விதிப்படி அரசன் ஆட்டத்தில் ஒருமுறை மட்டும் குதிரையைப்போல் தாவலாம். அதற்குள் எதிரி அரசனைத் தாக்கி ‘ஷா’ வைத்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. இது முழு ஆட்டத்தின் போக்கையே வளைத்தது. தாக்குபவர் தொடக்கத்திலேயே ஒரு காயைப் பலி கொடுத்தாவது ஷா வைக்கப் பார்ப்பார். வென்றது காய் அல்ல, அரசனின் கால். காப்பவர் தாவி இறங்கும் கட்டத்தைத் தம் காய்களே அடைத்துவிடாமல் திறந்து வைத்துக்கொண்டு, மூலையில் சிப்பாய்களுக்குப் பின்னால் அரசனைக் கொண்டுபோய் ஒளித்துவைப்பார். சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும் என்பதால் இரு படைகளும் மெதுவாக முட்டிக்கொண்டன. அவசரத் தாக்குதலுக்கு இடம் குறைவு, அணிவகுத்து நிற்கும் திறமைக்கு மதிப்பு அதிகம். சிப்பாய்கள் ஒன்றையொன்று தாங்கிக் கோணல் வரிசையாக நிற்கும் சுவரை உடைக்கப் பொறுமை வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய விதி உள்ளே வந்தது. 1814-ல் பம்பாயில் அச்சான திருவேங்கடாச்சாரிய சாஸ்திரியின் சதுரங்கக் கட்டுரைகள், வடமொழியில் அமைந்த இந்திய ஆட்ட அறிவை ஐரோப்பிய முறைக்கு இணக்கித் தந்த முதல் முயற்சிகளில் ஒன்று. நாட்டு விதியில் வளர்ந்தவர்கள் புது விதியில் எப்படி ஆடுவார்கள் என்பதற்குப் பஞ்சாபின் மீர் சுல்தான் கானே சான்று. தொடக்க நகர்வுகளில் அடி வாங்குவார். நடு ஆட்டத்திலும் இறுதியிலும் அவரை அசைப்பது அரிது. 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் அவருடையது. மெதுவான சிப்பாய்களோடு பழகிய கண் அது. தமிழ்நாட்டிலும் ஐரோப்பிய விதிதான் நிலைத்தது. 1961-ல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானபோது அரசனின் தாவல் பெரியவர்களின் நினைவில் இருந்த ஒரு பழைய உரிமை மட்டுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினம் மறுபடியும் கிழக்குக்கு வாசலானது. இந்த முறை போனவர்கள் வணிகர் அல்லர். தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கூலி வேலைக்குப் போனவர்கள். 1926-ல் ஓடத் தொடங்கிய ராஜூலா கப்பல் 1970-கள்வரை இந்தத் துறைகளை இணைத்தது. அங்கே கடைத்தெருக்களில் சீன முதியவர்கள் வட்டக் காய்களை மரப்பலகையில் ‘டக்’கென்று அறைந்து ஆடுவது அன்றாடக் காட்சி, சிங்கப்பூரின் சைனாடவுன் பகுதியில் இன்றும் அப்படித்தான். எழுத்து தெரியாதவருக்கு அந்த ஆட்டம் எளிதில் பிடிபடுவதில்லை. காய்களுக்கு உருவம் கிடையாது, மேலே சீன எழுத்து மட்டும். ஆனால் புள்ளியில் காய் வைத்து ஆடும் பழக்கம் டெல்டாக்காரருக்குப் புதிதல்ல.

காரணம் ஆடு புலி ஆட்டம். தமிழகக் கோயில் மண்டபங்களின் கல்தரைகளிலும் திண்ணைகளிலும் உளியால் கொத்திய அந்த முக்கோணத்தைக் காணலாம். உச்சியிலிருந்து நான்கு கோடுகள் கீழே விரியும். குறுக்கே மூன்று கோடுகள் அவற்றை வெட்டி இரு பக்கமும் வெளியே நீண்டு முடியும்; அந்த முனைகளை ஒவ்வொரு பக்கமும் ஒரு பக்கக் கோடு இணைக்கும். அடியில் ஒரு கோடு. பரவலாக வரையும் பலகையில் மொத்தம் 23 புள்ளிகள். ஒருவரிடம் 3 புலி, மற்றவரிடம் 15 ஆடு. புலிக்கு மூன்று கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை என்றால் ஆட்டம் தயார். உழவு ஓய்ந்த நாளிலும் மழைக்கு ஒதுங்கிய வேளையிலும் இதற்கு மேல் செலவில்லை.

இது முழுக்க முழுக்கத் தற்காப்பு ஆட்டம், அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடு எதையும் வெட்டாது. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும்; பதினைந்தும் இறங்கி முடியும்வரை இறங்கிய ஆடு நகரக் கூடாது. மூன்று புலியும் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. சீன ஆட்டத்திலும் நகர வழியற்றவர் தோற்கிறார். அங்கே அது அரிதாக நேரும் முடிவு, இங்கே ஆட்டத்தின் ஒரே நோக்கம்.

புலி வெட்ட, ஆட்டுக்கு நேர் பின்னே அதே கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருக்க வேண்டும். எனவே காப்பவருக்கு இரண்டு வழிதான். ஒன்று, கோட்டின் முனையில் ஆட்டை வைப்பது. அதற்குப் பின்னே புள்ளியே இல்லை. உச்சியை விட்டுவிட்டால், எந்தக் கோட்டில் பார்த்தாலும் முனையாகவே இருக்கும் புள்ளிகள் ஆறு: குறுக்குக் கோடுகளில் மேலதற்கும் கீழதற்கும் இரு முனைகளாக நான்கு, அடிக்கோட்டின் இரு கோடிகள். அனுபவசாலிகள் முதல் ஆடுகளை அங்கேதான் இறக்குவார்கள். நடுக்குறுக்குக் கோட்டின் முனை பார்வைக்குப் பத்திரமானது. ஆனால் பக்கக் கோட்டின் நடுவில் இருப்பதால் மேலிருந்து கீழே தாண்டி வெட்டிவிடலாம். கற்றுக்குட்டியின் முதல் ஆடு பெரும்பாலும் அங்கேதான் போகும். இரண்டாம் வழி, ஆட்டுக்குப் பின்னே ஆட்டை வைப்பது. யானைக்கு யானை, காவலனுக்குக் காவலன் என்று சீனப் பலகையில் கண்ட அதே துணை.

ஆறு முனைகள் நிறைந்தபின் ஏழாவது ஆட்டை எங்கே வைப்பது என்பதில்தான் ஆட்டம் தொடங்குகிறது. ஓரங்களிலேயே கட்டிக்கொண்டு வந்தால் புலிகள் நடுவை ஆளும். இறங்கும் ஆடுகள் தீர்ந்தபின் நகர்ந்தே ஆக வேண்டும், அப்போது கட்டிய சுவரைத் தாமே பிரிக்க நேரும். ஆகையால் சுவரை வெளியிலிருந்து உள்ளே, அடியிலிருந்து மேலே, இடைவெளி விடாமல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். புலிக்காரரும் சும்மா இருப்பதில்லை. மூன்று புலியும் ஒரே பக்கம் சேர்ந்தால் ஒன்றையொன்று அடைத்துக்கொள்ளும் என்பதால், ஒன்றையாவது அடிவரிசைப் பக்கம் இறக்கிவிடுவார். அந்தப் புலி உலவும்வரை சுவருக்கு முதுகுப்புறம் இல்லை. அதைத் தனியே மடக்க இரண்டு ஆடுகளைப் பலி விடும் துணிச்சல் சிலருக்கு உண்டு. 15-ல் 2 போனாலும் அடைக்கும் வேலை நடக்கும். நான்கைந்து வெட்டுப்பட்ட பிறகு 23 புள்ளிகளில் மூன்று புலிகளை அடைப்பதற்கு மிஞ்சிய ஆடுகள் பற்றுவதில்லை. அந்தக் கட்டத்தில் ஆட்டுக்காரர் காயைக் கலைத்துவிட்டுப் புலிப் பக்கம் மாறி உட்காருவார்.